இரண்டு வருடப் புதன்கிழமைகள்: விரைவுப் பயனர் ஆய்வு நடத்திய அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் தோழி போன வாரம் கேட்டாள்: "வாராவாரம் ஆட்களைக் கூப்பிட்டுச் சோதிக்கிறீர்களே, எங்கள் ஆபீஸிலும் தொடங்கலாமா?" வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது.

திங்களன்று எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேள்வியை முடிவு செய்வோம், புதனன்று ஐந்து பேரைக் கூப்பிட்டுச் செயலியைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை ஒரு பக்க அறிக்கை. முறை இவ்வளவுதான். நாங்கள் சோதிப்பது கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டகச் செயலியும், மோசடிச் செய்தி வந்தால் எச்சரிக்கும் செயலியும். இடம் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அறை.

இரண்டு வருடமாக என் உயிரை வாங்குவது ஆள் பிடிக்கும் வேலைதான். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி போகும்: "ஒரு மணி நேரம் வாருங்கள், 100 வெள்ளி (ரிங்கிட்) தருகிறோம், இந்த லிங்க்கில் விவரம் நிரப்புங்கள்." பகுதி நேர வேலை என்று வரும் ஸ்கேம் செய்திக்கும் இதற்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடியுங்கள் பார்ப்போம்! ஒரு நாள் எங்கள் செயலியே இதைச் சிவப்பில் காட்டியது. யாரைத் திட்டுவது?

வந்தவர்களிடம் கணக்குப் பிரிவுக்காக ஐசி (அடையாள அட்டை) நகலும் வங்கி எண்ணும் வாங்க வேண்டும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கிறோம். வந்தவர்கள் அதைப் படிப்பதில்லை. படிக்கிற ரகம் வருவதில்லை. தனியுரிமை பற்றிய ஆய்வுக்கு அதைப் பற்றிக் கவலைப்படாதவர்களே வந்து உட்காருகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. தொடர்புப் பட்டியலைக் கேட்கும் திரையில் ஐந்து பேரும் 'அனுமதி'யை அழுத்தினார்கள். ஏன் என்றேன். "நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே, என்ன ஆயிடும்?" என்றார் ஒருவர். மேலாளரோ "ஐந்துக்கு ஐந்து" என்று ஸ்லைடில் போட்டுவிட்டார். ஒரு சொல் புரிகிறதா என்பதை ஐந்து பேர் சொல்லிவிடுவார்கள். போலீஸ் என்று ஒருவன் போனில் மிரட்டும்போது, தனியாக இருப்பவர் எதை அழுத்துவார் என்பதை அந்த அறையில் பார்க்க முடியாது. அன்று மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைக்கத் தோன்றுமா என்பதும் தெரியாது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். செந்தூலிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி, பையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்தார். கடைக்கடன் எழுதுவோமே, அதே குட்டி நோட்டு. கடவுச்சொற்களெல்லாம் அதில், பின்னாலிருந்து முன்னாக எழுதியிருந்தார். "திருடன் வந்தா தங்கத்தத்தான் தேடுவான், இத ஏன் தொடப்போறான் தம்பி?" காகிதத்தில் எழுதவே கூடாது என்று எங்கள் திரையில் இருந்த அதட்டலை அந்த வெள்ளிக்கிழமையே எடுத்தோம். ஆறு மாதம் கூட்டம் போட்டிருந்தாலும் அது போயிருக்காது. அந்த ஒரு நாளுக்காகவே இந்த இரண்டு வருடத்தையும் மன்னித்துவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: உண்மையான கடவுச்சொல்லைத் தட்டவிடாதீர்கள், சோதனைக்கென்று ஒரு போலிப் பயனர் கணக்கைக் கொடுங்கள். முதல் மாதத்தில் ஒருவருடையது பதிவில் விழுந்து, அழிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

தோழிக்கு என் பதில்: வேண்டாம். தொடங்கியே ஆக வேண்டும் என்றால், அழைப்பை யார் அனுப்புவது, எந்த எண்ணிலிருந்து அனுப்புவது என்று முதலில் முடிவு செய். திரை, கேள்வி எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் புதனுக்கு நான்கு பேர் உறுதி. ஐந்தாமவர் கம்பெனிப் பதிவு எண்ணைக் கேட்டார், அனுப்பினேன். நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டிய ஆள் இவர்தான். இன்னும் பதில் வரவில்லை.