அரசுப் பள்ளியா, ஆர்டிஇ இடமா? ஒன்பதாம் வகுப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிப்பதா? 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் கால்பங்கு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் இதை ஆர்டிஇ சீட்டு என்போம். நானும் என் நாத்தனாரும் ஒரே காலத்தில் இந்த முடிவை எடுத்தவர்கள். என் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தேன். அவள் தன் மகனை ஆர்டிஇ இடத்தில் சேர்த்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளிதான் சரி என்பது என் கட்சி. அதை மறைத்துக்கொண்டு எழுதப் போவதில்லை.

எல்லோரும் அறிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டிலும் படிப்புக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதிய உணவு இலவசம்; தொடக்கப் பள்ளியில் 2022 முதல் படிப்படியாகக் காலை உணவும் வந்துவிட்டது. ஆங்கில வழிப் பிரிவும் பல அரசுப் பள்ளிகளில் 2012-க்குப் பிறகு தொடங்கப்பட்டது. தனியார் பள்ளியில் கட்டடம், வேன், கழுத்துப் பட்டை எல்லாம் பளிச்சென்று இருக்கும். அந்தப் பள்ளிகளுக்கு ஒரு நியாயமான சாதகமும் உண்டு: குழந்தை எல்.கே.ஜி.யிலேயே நுழைந்துவிடுகிறது. என் மகள் அங்கன்வாடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் மகன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வருட இடைவெளி மூன்றாம் வகுப்பு வரை கண்ணுக்குத் தெரிந்தது. 2019-இல் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் எல்லா ஊருக்கும் அது போதாது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: கடன் வாங்கியாவது கைக்காசு கட்டி, குறைந்த கட்டணத் தனியார் பள்ளியில் சேர்ப்பது. இதைப் பற்றி நம் பக்கத்து மாநிலத்திலேயே உருப்படியான ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் சில குழந்தைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பி, கட்டணத்தையும் கட்டி, நான்கு வருடம் கழித்துச் சோதித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தனியார் பள்ளிகளில் கூடுதலாகக் கற்பித்த இந்தியில் மட்டும் முன்னே நின்றார்கள். அந்தப் பள்ளிகள் குறைந்த செலவில் அதே தேர்ச்சியைக் காட்டின என்பதும் ஆய்வின் முடிவுதான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தச் சிக்கனம் நிர்வாகத்துக்குத்தான் லாபம். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தாய்க்குத் தன் பிள்ளையின் கணக்குப் பாடத்தில் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லையே.

சரி, ஆர்டிஇ இடத்துக்கு வருவோம். விண்ணப்பிக்கும் நாளில் எவரும் கேட்காத கேள்வி இது: எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்ன? சட்டம் தரும் இலவசக் கல்வி ஆறு முதல் பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரைதான். அதற்குப் பிறகு அரசு அந்தப் பள்ளிக்கு ஒரு பைசாவும் தராது. நாத்தனார் கையில் கடந்த ஆண்டு பள்ளி கொடுத்த கட்டணச் சீட்டைப் பார்த்தேன். கல்விக் கட்டணம், புத்தகம், நோட்டு, கணினி வகுப்பு, சிறப்பு வகுப்பு, வேன் என்று வரிசையாக அச்சடித்து, கீழே நீல மசியில் கூட்டுத்தொகை. "அண்ணி, பத்து வருஷம் இந்தப் பள்ளியிலேயே இருந்துவிட்டான். இப்போது எங்கே கொண்டுபோய் விடுவது?" என்று கேட்டாள். பையனின் நண்பர்கள் எல்லாரும் அங்கேதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டே வருடம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தத் தாயும் வட்டிக்கு வாங்கத்தான் செய்வாள். அவளும் வாங்கிக் கட்டினாள்.

இழப்பு கட்டணத்தோடு முடியவில்லை. 2020-இல் நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அதற்கு முன்பு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் சேர்கிறார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. நீட் எழுத விரும்பாத பிள்ளைக்குப் பொறியியல் இடம்தான் பெரிய விஷயம். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு.

இந்த ஒதுக்கீட்டுக்கு நிபந்தனை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது; மாத உதவித்தொகை மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆர்டிஇ பிள்ளைகளுக்காக 7.5 சதவீதச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது: எட்டாம் வகுப்பு வரை ஆர்டிஇ இடத்தில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் தகுதி உண்டு. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி அதே தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைத் தொடர்ந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. என் நாத்தனார் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுத்து இழந்தது இந்தத் தகுதியைத்தான். பள்ளியில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கு ஒரு கட்டணம் குறையுமே! எனக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் விளக்கியபோதுதான் தெரிந்தது. அதற்குள் அவள் முதல் தவணை கட்டியிருந்தாள்.

அந்தக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வராதபோது கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா எழுந்து நின்று பேசினார். அது தீர்மானமாகப் பதிவானது, பிறகு குழாய் வந்தது. கணித ஆசிரியர் இடம் காலியாக இருப்பது பற்றியும் தீர்மானம் போட்டோம். அது இன்னும் நிரம்பவில்லை. ஆனாலும் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. நாத்தனார் தன் மகனின் பள்ளிக்குப் போனால் வரவேற்பறை நாற்காலியைத் தாண்டி உள்ளே போனதில்லை.

ஆர்டிஇ ஒதுக்கீட்டின் பெரிய நோக்கம் ஏழையும் பணக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். டெல்லியின் பெரிய தனியார் பள்ளிகளில் பொருளியல் ஆய்வாளர் கௌதம் ராவ் செய்த ஆய்வில், ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் தாராள மனமும் பாகுபாடு குறைந்த நடத்தையும் காட்டினார்கள். ஆனால் அது வசதியான பிள்ளைகள் அடைந்த மாற்றம். எங்கள் ஊரில் ஆர்டிஇ இடம் தரும் பள்ளிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற நடுத்தர, கீழ் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளே. டெல்லி முடிவு இங்கே அப்படியே பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பையனின் அனுபவம்தான். அவனை யாரும் ஒதுக்கியதாக அவன் சொன்னதில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கவும் சான்றிதழ் வாங்கவும் நாலு நாள் அலையவும் முடிந்த பெற்றோரே இந்த இடத்தைப் பெறுகிறார்கள். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர் அந்த வரிசைக்கே வருவதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் கிளம்பிவிட்டால் அரசுப் பள்ளியில் மிஞ்சும் குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்க யார் இருப்பார்கள்? 1964–66-இல் நாட்டின் கல்வி முறையை ஆராய்ந்த கோத்தாரி குழு அருகமைப் பள்ளியையும் பொதுப் பள்ளி முறையையும் வலியுறுத்தியது எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆர்டிஇ ஒதுக்கீடு நிதியையும் நம்பியிருக்கிறது. 2025-26இல் ஒன்றிய அரசின் பணம் வராததால் சேர்க்கை கோடையில் தொடங்கவே இல்லை; அக்டோபர் வரை இழுத்தது. அரசுப் பள்ளியின் கதவு ஜூன் மாதம் வழக்கம்போலத் திறந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்றால் ஆர்டிஇ இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே அரசு உயர்நிலைப் பள்ளியைப் பார்த்துப் பேசிவிடுங்கள். ஆர்டிஇ ஒதுக்கீட்டில்தான் பிள்ளை படித்தது என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கி, மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கலந்தாய்வில் அதைக் கேட்பார்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது. அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டும்.