சட்டர்னாலியாவில் விஐபி மேசை

டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுன் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் ரோமானியத் திருவிழாச் சந்தை நடத்தினார்கள். நுழைவு 65 மலேசிய வெள்ளி, இரவுச் சாப்பாடும் அதில் சேர்த்தி. விஐபி மேசை என்றால் 180. நான் 65 கொடுத்துத்தான் போனேன். லீபம் என்ற ரோமானிய அப்பம் சுட்ட அக்காவுக்காக மறுபடியும் போவேன். சாப்பாட்டுக்காக என்றால் கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

பட்டர்வொர்த்தில் கல்யாணம், கோயில் அன்னதானம் என்று சமையல் எடுத்துச் செய்கிறவள் நான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படித்த காலத்திலிருந்து ரோம் வரலாறென்றால் ஒரு பைத்தியம். அதனால் கொஞ்சம் குறை சொல்லுகிற கண்ணோடுதான் பார்த்தேன், மன்னிக்கவும்.

சந்தையின் கரு சட்டர்னாலியா. சட்டர்ன் என்ற தெய்வத்துக்கு டிசம்பர் 17 தொடங்கி எடுத்த விழா. முதலில் ஒரு நாள்தான். போகப் போக ஒரு வாரம் வரை நீண்டது. நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் லீவு. மற்ற நாளில் தடையிலிருந்த சூதாட்டத்துக்கு அப்போது அனுமதி உண்டு. வீட்டு அடிமைகள் எஜமானரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சில வீடுகளில் எஜமானரே பரிமாறுவார். விடுதலையான அடிமை அணியும் கம்பளித் தொப்பியை அந்த நாட்களில் எல்லாருமே போட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட பண்டிகைக்கு விஐபி மேசை! மேடைக்கு முன்னால் கயிறு கட்டி, வெள்ளைத் துணி விரித்து, திராட்சைக் குலை தொங்கவிட்டு வைத்திருந்தார்கள். தட்டு சுமந்த நேப்பாளப் பையன்கள் முதல் பந்தியிலிருந்து கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். தலையில் அந்தத் தொப்பிகூட இல்லை, அது 25 வெள்ளிக்குக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நடத்தினவர்கள் ஒரு பத்து நிமிஷம் தட்டை வாங்கிப் பரிமாறி, அந்தப் பையன்களை உட்கார வைத்திருந்தால் அன்றைய நிகழ்ச்சியிலேயே அதுதான் பெரிதாக இருந்திருக்கும். செலவும் ஒரு காசு இல்லை. எங்கள் அன்னதானத்தில் கோயில் தலைவரே சாம்பார் வாளியோடு வருவார், யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

உடை விஷயமும் அப்படித்தான். வாசலிலேயே எல்லாருக்கும் டோகா என்று ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டார்கள். சட்டர்னாலியாவில் ரோமானியர் டோகாவைக் கழற்றி வைத்துவிட்டு, விருந்துக்குப் போடும் வண்ண உடையில்தான் திரிந்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் அதுதானே தோது?

இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறேன். ரோமானிய ஆட்டுக்கறி என்று வைத்ததில் தக்காளி மிதந்தது, காரத்துக்கு மிளகாய் வேறு. தக்காளி, மிளகாய் இரண்டுமே கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. ரோமானியர் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. அவர்களுடைய காரம் மிளகு, அதுவும் நம் மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. மிளகும் கொஞ்சம் மீன் சாறும் போட்டிருந்தால் போதும், பினாங்கில் மீன் சாறுக்கா பஞ்சம்? பகடை மேசையில் பணயமாக வைத்த வேர்க்கடலையும் அதே அமெரிக்கச் சரக்குதான். பந்தி ஒரு மணி நேரம் தாமதம். பசியில் நானே அந்தக் கடலையைத் தின்றேன்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். சட்டர்ன் சிலையின் கால்களை ஆண்டு முழுக்கக் கம்பளி நூலால் கட்டி வைத்திருந்து, பண்டிகைக்கு அவிழ்த்துவிடுவது ரோமானிய வழக்கம். இங்கே தெர்மகோல் சிலைதான், ஆனாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு முடிச்சை அவிழ்க்க விட்டார்கள். ஒரு சின்னப் பெண் முடிச்சு வராமல் பல்லால் கடித்து இழுத்தாள், கூட்டமே கை தட்டியது. பூசாரி வேடம் போட்டவர் தலையை மூடாமல் தூபம் காட்டியதைக் கவனித்தேன். பெரும்பாலான ரோமானியப் பூசைகளில் தலையை மூடிக்கொள்வார்கள், சட்டர்னுக்கோ திறந்த தலை. யாரோ படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஆளிடமே சமையலையும் கொடுத்திருக்கலாம்.

ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாயில்லை. இளைய பிளினி என்ற செல்வந்தர் தன் வீட்டில் சட்டர்னாலியா ஆரவாரம் தாங்காமல் தனி அறைக்குள் போய் ஒளிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த வகையில் சத்தம் அசல்.

இப்போது லீபம். தெய்வத்துக்குப் படைக்கும் பாலாடைக்கட்டி அப்பம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானியர் எழுதி வைத்த அளவு: இரண்டு பங்கு பாலாடைக்கட்டி, ஒரு பங்கு மாவு, ஒரு முட்டை. கட்டியை உரலில் நன்றாக இடித்து, மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, அடியில் இலை போட்டு, சட்டியால் மூடிச் சுட வேண்டும். கடை போட்டிருந்த ஈப்போக்கார அக்கா அப்படியேதான் செய்தார். “என்ன கட்டி அக்கா?” என்றேன். “பனீர்தாம்மா, வெளிநாட்டுச் சரக்கு வாங்கினா கட்டுப்படியாகாது” என்றார். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு திப்பி இல்லை. கரி அடுப்பின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்து, அதன் முதுகிலும் நாலு தணல் வைத்திருந்தார். கேட்டோ இலை என்று மட்டும்தான் சொல்கிறார், எந்த இலை என்று சொல்லவில்லை. அக்கா போட்டது வாழை இலை. ரோமில் வாழை ஏது என்று யாராவது சண்டைக்கு வரலாம், எனக்குச் சம்மதம். சட்டியைத் தூக்கியதும் ஓரம் கருகிய இலையின் வாசம், மேலே ஊற்றின தேன் சூட்டில் இளகி ஓடுகிறது. மேல் தோல் மெல்லியதாகச் சிவந்து, உள்ளே ஈரம் போகாமல், இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் ஒரு நிதானமான ருசி. என் கணவர் நாலு தின்றார்.

ஒன்று 6 வெள்ளி, ரொக்கம் மட்டும். அடுத்த முறை நடத்தினால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், எட்டுக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடுகிறது. சாப்பாடில்லாத டிக்கெட் விற்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், கிடங்குக் கூரை ரெண்டு இடத்தில் ஒழுகியது.