ஊகித்து எண்ணுவதா, கேட்டு எண்ணுவதா?

குடித்தொகைக் கணக்கெடுப்பில் ஒருபால் இணையரை எண்ண இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறவுமுறையையும் பாலையும் சேர்த்துப் பார்த்து ஊகிப்பது. 1990இல் அமெரிக்காவில், கணவன், மனைவி என்று குறித்த ஒருபால் இணையர் பலரின் படிவங்களில், இணைக்கு ஒருவரின் பாலையே பிழையென்று மாற்றிவிட்டார்கள். வாழ்ந்த வாழ்க்கையை அழித்த திருத்தம் அது. மற்றது, படிவத்திலேயே ஒருபால் இணையருக்கெனத் தனிக்கட்டம். 2020இல் அங்கே வந்தது. எண்ணிக்கைக்கு இதுவே நேர்மை.

யாழ்ப்பாணத்தில்? கொக்குவில் ஒழுங்கையொன்றில் என் தோழியர் இருவர் ஓர் அடுப்பில் சமைக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர் படலையடியில் நின்று, "தங்கச்சி, மற்றவர் உங்களுக்கு என்ன முறை?" என்றார். பக்கத்து வேலிக்குக் கேட்கும் குரல். "சொந்தம்" என்றாள் தோழியரில் ஒருத்தி.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இருக்கும்வரை, வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டம் அவர்களைக் காக்காது. தாமே நிரப்பி உறையில் ஒட்டிக் கொடுக்கும் தாளென்றால், தனிக்கட்டத்தையே கேட்பேன்.