காஞ்சியா கும்பகோணமா? திருவொத்தியூர்லேந்து கெளம்புற ரெண்டு நாள் கணக்கு

எங்க வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ இந்த பேச்சு வரும். சனி ஞாயிறு லீவு, அம்மாவ கூட்டிட்டு ஒரு பழைய கோயில் ஊருக்கு போவணும், காஞ்சிபுரமா கும்பகோணமா? ரெண்டு ஊர்லயும் தங்கி பாத்தாச்சு. நம்ம திருவொத்தியூர், தண்டையார்பேட்ட, காசிமேடு பக்கத்துலேந்து கெளம்புறவங்களுக்கு எது ஒத்து வரும்னு என் கணக்க சொல்றேன். நான் காஞ்சி பக்கம். ஆனா காலைல போய் மூணு கோயில் பாத்து ஒரு புடவை எடுத்துட்டு சாயங்காலமே ஓடி வர்ற காஞ்சி இல்ல, ஒரு ராத்திரி தங்குற காஞ்சி.

மொதல்ல போற வழி. காஞ்சி சென்னைலேந்து சுமார் 75 கிலோமீட்டர் தான். தேரடில மெட்ரோ ஏறி மண்ணடில எறங்குனா பீச் ஸ்டேஷன் நடக்குற தூரம், அங்கேந்து செங்கல்பட்டு வழியா காஞ்சிபுரத்துக்கு மின்சார ரயிலே இருக்கு, ஒரு நாளைக்கு சில வண்டி தான், அதனால டைம் பாத்து போவணும், ஆனா பொறப்படுற எடத்துலயே ஏறுறதால அம்மாவுக்கு ஜன்னல் சீட் கெடைச்சிடும். கும்பகோணம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தேரடி மெட்ரோ, சென்ட்ரல்ல மாறி எழும்பூர், வெள்ளிக்கெழம ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல படுத்தா விடிகாலைல கும்பகோணம். இது நல்ல வழி, ஆனா ரிசர்வேஷன் இப்ப 60 நாளுக்கு முன்னாடி தான் தொறக்குது, வார கடைசி பெர்த் எல்லாம் சீக்கிரம் போய்டும். டிக்கெட் கெடைக்காதவங்க கிளாம்பாக்கம் பஸ்னு நெனைப்பாங்க, வட சென்னைலேந்து கிளாம்பாக்கம் போய் சேர்றதே ஒரு பயணம், பெரியவங்கள வச்சிக்கிட்டு அத நான் செய்ய மாட்டேன்.

அடுத்தது மதிய நேரம். இத யாரும் பிளான்ல வைக்க மாட்டாங்க. ரெண்டு ஊர்லயும் பன்னெண்டு, பன்னெண்டரைக்கு நடை சாத்துனா திரும்ப நாலு மணிக்கு தான். ஒரே நாள்ல காஞ்சி போறவங்க இந்த நாலு மணி நேரத்த தான் வெயில்ல தொலைக்கிறாங்க, அதுக்கப்புறம் "காஞ்சில ஒண்ணும் இல்ல, புடவைக்கடை தான்"னு வந்து சொல்லுவாங்க, அத கேட்டா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ரூம் போட்டா அம்மா சாப்ட்டு தூங்குவாங்க. நான் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்துட்டு வருவேன், தறி சத்தம் கேக்குற தெருங்க. கோர்வை போடுறது, அதாவது உடலும் பார்டரும் தனித்தனி கலர்ல நெய்து கோத்து எடுக்குறது, அதுக்கு மூணு நாடா (ஊடு நூல் போற கட்டை), தறில கூட ஒரு ஆள் உக்காந்து கை குடுக்கணும். அந்த ஆளுங்கள பாத்தப்புறம் கடைல பேரம் பேச எனக்கு வாய் வரல. கும்பகோணத்துலயும் மதியத்துக்கு எடம் இருக்கு, சாரங்கபாணி சன்னதி தெருவுல கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு இருக்கு, சுவாமிமலைல ஸ்தபதிங்க மெழுகுல உருவம் செஞ்சி காவேரி வண்டல் மண்ண பூசி வெண்கலம் ஊத்துறத பாக்கலாம். ஆனா சுவாமிமலை கோயிலுக்கு 60 படி, எங்கம்மா முட்டிக்கு அது பெரிய விஷயம். தாராசுரம், திருநாகேஸ்வரம், நாச்சியார்கோயில்னு ஒவ்வொண்ணுக்கும் ஆட்டோ வேற.

கல்லு வேலைக்கு வந்தா ரெண்டும் சமம்னு சொல்லிட்டு போவ மாட்டேன். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் மாதிரி நுணுக்கம் நான் எங்கயும் பாக்கல. ரெண்டாம் ராஜராஜன் கட்டுனது, 12-ம் நூற்றாண்டு, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. குதிர இழுக்குற தேர் மாதிரி மண்டபம், ஒரே தலைய யானைக்கும் காளைக்கும் பொதுவா வச்ச சிற்பம், கருவறைய சுத்தி 63 நாயன்மார் கதையும் ஒரு சாண் கல்லுல. குனிஞ்சி உக்காந்து பாக்கணும், அரை நாள் பத்தாது.

காஞ்சி கைலாசநாதர் வேற மாதிரி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லுல எழுப்புனது, சுத்துச்சுவர் நெடுக 58 குட்டி சன்னதி, சில எடத்துல பழைய சாந்தும் வர்ணமும் இன்னும் ஒட்டிட்டு இருக்கு. ராஜராஜ சோழன் காலத்துல இத 'கச்சிப்பேட்டு பெரிய திருக்கற்றளி', அதாவது காஞ்சியோட பெரிய கல்லுக் கோயில்னு சொல்லிருக்காங்க, தஞ்சாவூர்ல அவர் பெரிய கோயில் கட்டுறதுக்கு முன்னாடியே இது 300 வருஷம் நின்னுட்டு இருந்துச்சு. காலைல ஆறரை ஏழுக்கு போனீங்கன்னா கூட்டமே இருக்காது, சாய்ஞ்ச வெளிச்சத்துல அந்த மணற்கல்லு தேன் கலர்ல நிக்கும். ஊர்ல தங்குனவங்களுக்கு தான் அந்த நேரம் கெடைக்கும், அதுக்கு தான் ஒரு ராத்திரி தங்குங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன். வைகுந்தப் பெருமாள் கோயிலயும் விட்றாதீங்க, பல்லவ ராஜாங்க வரலாறே சுத்துப் பிரகார சுவர்ல வரிசையா இருக்கு, 12 வயசுல நந்திவர்மன் ராஜாவா வந்தது வரைக்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு காஞ்சில இன்னொரு சொந்தம் இருக்கு. வடிவுடையம்மன் கோயில் மகிழ மரத்தடில தான சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு, உன்ன விட்டு போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு, அத மீறி திருவொத்தியூர் எல்லைய தாண்டுனதும் கண்ணு போச்சு. எடது கண்ணு திரும்ப கெடைச்சது காஞ்சி ஏகம்பத்துல, வலது கண்ணு திருவாரூர்ல. வருஷா வருஷம் மாசில மகிழடி சேவை பாக்குற எங்கம்மா, ஏகாம்பரநாதர் சன்னதில நின்னு "நம்ம ஊர்ல போன கண்ணு இங்க தான்டா வந்துச்சு"ன்னு சொன்னப்ப அவங்க குரலே மாறிடுச்சு, பக்கத்துல நின்ன எனக்கும் தொண்ட அடைச்சிது. கும்பகோணத்துலேந்து 35 கிலோமீட்டர்ல ராஜேந்திர சோழன் கட்டுன கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு, நம்ம திருவொத்தியூர் கோயில் ஆதிபுரீஸ்வரர் சன்னதியோட யானை முதுகு விமானமும் அதே ராஜேந்திரன் காலத்து கல் கட்டடம் தான், அந்த ஒறவும் உண்டு, ஆனா அதுக்கு மூணாவது நாள் வேணும்.

சாப்பாட்டுல கும்பகோணம் தான் மேல. பித்தளை டபரால டிகிரி காபி, இட்லிக்கு கடப்பா (பாசிப்பருப்பும் உருளக்கெழங்கும் போட்ட கொழம்பு), வெத்தல. காஞ்சில கோயில் இட்லிய மட்டும் தேடி சாப்புடுங்க, மூங்கில் குடலைல மந்தார இலை போட்டு வேகவச்சது, மிளகு சீரகம் சுக்கு வாசனை வரும்.

திருவண்ணாமலைக்கு பீச்சுலேந்தே சாயங்கால ரயில் 2024-லேந்து இருக்கேன்னு தம்பி கேட்டான். கிரிவலம் 14 கிலோமீட்டர், அது வயசு பசங்க போவட்டும்.

தாராசுரத்த நான் விட்டுடல. வெள்ளி ராத்திரி பெர்த் கன்ஃபர்ம் ஆகி, திங்கக்கெழமையும் லீவு இருந்தா கண்ண மூடிட்டு கும்பகோணம் போங்க. 2028-ல மகாமகம் வருது, அதுக்கு முன்னாடி நிதானமா ஒருக்கா பாத்துடணும்னு அம்மாவும் சொல்லிட்டு இருக்காங்க, பொங்கல் லீவுக்கு 60 நாள் எண்ணி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். அதுவரைக்கும் வெறும் சனி ஞாயிறுன்னா எங்களுக்கு பீச் ஸ்டேஷன், காஞ்சி வண்டி தான்.