24 அங்குலமும் 25.5 அங்குலமும்: இரு மின்கிற்றார்களை மாறி மாறி வாசித்த அனுபவம்

கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் 25.5 அங்குலத் தந்தி நீளமுள்ள (அதாவது தந்தியின் அதிரும் பகுதி அவ்வளவு நீளமான) ஸ்ட்ரட்டோகாஸ்டர் வகைக் கிற்றாரையும் 24 அங்குல மஸ்டாங் வகைக் கிற்றாரையும் மாறி மாறி வாசித்து வருகிறேன். பென்டர் நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் மாணவர்களுக்கென அறிமுகப்படுத்தியது என்பதற்காக மஸ்டாங்கைச் சிறுவர் கருவியாக ஒதுக்குவது பெருந்தவறு.

ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், குறுகிய கிற்றாரில் அது ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. தந்தியை வளைத்துச் சுரத்தை உயர்த்துவது இதனால் இலகுவாகிறது; ஆனால் கை சற்று அழுத்தினாலும் சுருதி பிசகிவிடும். நீண்ட கிற்றாரில் 0.009 தந்தித் தொகுதியை (மிக மெல்லிய தந்தியின் தடிப்பு 0.009 அங்குலம்) வைத்துக்கொண்டு, குறுகியதில் 0.010 தொகுதியை மாட்டியதும் இரண்டின் இறுக்கமும் நெருங்கிவிட்டது. தொகுதியை மாற்றுவோர் பிரிட்ஜில், அதாவது கிற்றாரின் உடலில் தந்திகள் அமரும் பாலத்தில், உள்ள தாங்கிகளை நகர்த்தி, 12 ஆம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுருதியைச் சரிபார்ப்பது அவசியம்.

முதல் நான்கு பிரெட்டுகளின் பரப்பு குறுகிய கழுத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் சுருங்குவதால், தேவாலயப் பாடல்களுக்கு நெடுநேரம் கோட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடிக்கும் சிறிய கைகளுக்கு அது உண்மையான ஆறுதலாகும். 15 ஆம் பிரெட்டுக்கு மேலே எனக்கு விரல்கள் நெருக்குகின்றன. சுருதியை இறக்கி வாசிப்போர் நீண்ட கிற்றாரையே நாட வேண்டும். தடித்த தந்தியின் தெளிவு அதில்தான் குலையாமல் நிற்கிறது.

எமது கடற்காற்றில் இரண்டின் தந்திகளும் ஒரேமாதிரியே துருப்பிடிக்கின்றன. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.