பேய்க்கப்பல் குறும்படம்: கட்டிய படகா, கரையேற்றிய படகா, செட்டா?

குமரி மாவட்டத்தில் பேய்க்கப்பல் கதைக்குப் பஞ்சமில்லை. 1741-இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையை வைத்தே ஒன்று எழுதிவிடலாம். சிக்கல் கப்பலில்தான். கையில் கிடைப்பது விசைப்படகு; அதை எங்கே வைத்து எடுப்பது என்பதில் மூன்று வழி உண்டு: துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகு, பழுது பார்க்கக் கரையேற்றிய படகு, செட். மூன்றில் கரையேற்றிய படகுக்கே முதல் இடம்.

துறைமுகத்தில் கட்டிய படகு என்றால் மீன்பிடித் தடைக்காலம்தான் வசதி. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது ஆனி ஆடி மழையில் மாட்டும். ஆகவே ஏப்ரல் கடைசி, மே மாதச் சின்னமுட்டமே தோது. படகு உரிமையாளர் சம்மதம் மட்டும் போதாது, மீன்வளத் துறை அனுமதியும் வேண்டும். பகலில் வெல்டிங் சத்தம் காதைப் பிளக்கும், இரவில் எடுங்கள். படகுகள் ஒட்டி ஒட்டிக் கிடப்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் பக்கத்துப் படகு ஃபிரேமுக்குள் வந்துவிடும். கேபினுக்குள் ட்ரைபாட் ஊன்றினால் கேமராவும் அறையும் சேர்ந்தே ஆடும். ஆட்டம் திரையில் தெரியாது, யூனிட்டின் வயிற்றுக்கு மட்டும் தெரியும்.

ஐஸ் அறைக்குள் இறங்கவே கூடாது. மீன் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும், ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து.

கரையேற்றிய படகில் அடிப்பகுதியும் புரொப்பல்லரும் வெளியே தெரியும். முழங்கால் உயரத்தில் 18 அல்லது 24 மி.மீ. லென்ஸை வைத்து மேல்நோக்கிப் பாருங்கள்: 20 மீட்டர் படகு கப்பலாகிவிடும். முழுப் படகையும் ஒரே ஷாட்டில் காட்டினால் குட்டு உடைந்தது. படகு பழுது பார்க்கும் யார்டில் ஏற்றியதும் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்; துருவும் பாசியும் ஒட்டிய சிப்பியும் வேண்டுமென்றால் அதற்கு முன்னாலேயே தேதி பிடியுங்கள். படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளைத் தொடாதீர்கள், மேல்தளத்தில் கூட்டம் சேர்க்காதீர்கள். புகை மெஷின் திறந்த வெளியில் காற்றோடு போய்விடும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினால் கொஞ்சம் நிற்கும். தண்ணீர் இல்லாத குறைக்கு அகலத் தட்டில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் விட்டு, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, லைட்டைச் சாய்த்து அடியுங்கள். விரலால் லேசாகக் கலக்கினால் படகுச் சுவரில் அலை ஓடும்.

ஐஸ் அறை, எஞ்சின் அறைக் காட்சிகளுக்கு மட்டும் செட். 12-க்கு 8 அடியில் மூன்று பிளைவுட் சுவர் போதும். லைட் மினுங்காமல் இருக்க கேமரா ஷட்டர் 1/50 விநாடி. கப்பல் ஆட்டத்துக்குத் தொங்கும் விளக்கைத் தட்டி விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு மீட்டர் கயிற்றில் அது 2 விநாடிக்கு ஒருமுறை ஆடும். பெரிய கப்பல் ஒருமுறை சாய்ந்து மீள 10 விநாடிகூட ஆகும். விளக்கில் தங்கூஸ் (மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு) கட்டி மெல்ல இழுங்கள். விளக்கு வலப்பக்கம் போகும்போது நடிகரின் தலை இடப்பக்கம் சாய வேண்டும். பலரும் விளக்கோடு சேர்ந்து சாய்வார்கள், காட்சி அங்கேயே செத்துவிடும். செட்டில் மரச்சுவர் எதிரொலிக்கும். கட்டிய படகில் கயிறு முறுகுவதையும் நீர் மோதுவதையும் தனியே பதிந்து அடியில் ஓட விடுங்கள்.