ஒரே நாடு ஒரே சந்தா: படிக்க அருமை, வெளியிட இன்னும் வழியில்லை

தருமபுரிப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். நிலத்தடி நீரில் கலந்திருக்கும் புளோரைடுதான் என் ஆய்வு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும், ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை நானும் என் ஆய்வு மாணவர்களும் அன்றாடம் பயன்படுத்துகிறோம். படிப்பதற்கு இது அருமையான சேவை, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் நாம் எழுதும் ஆய்வை யார் படிக்கலாம் என்று கேட்டால், இந்தத் திட்டத்தில் பதில் மிகக் குறைவாகவே இருக்கிறது. இப்போதைய ஒதுக்கீடு 2027 வரைதான். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்பாவது இதை ஆசிரியர்களும் நூலகர்களும் உரக்கப் பேச வேண்டும்.

முதலில் கணக்கு. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். காந்திநகரில் இருக்கும், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையம்தான் ஒருங்கிணைக்கிறது. ஆண்டுக்கு 2,000 கோடி என்று வைத்து வகுத்தால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய் வருகிறது. பெரிய பதிப்பகத்தின் இணையதளத்தில் ஒரே ஒரு கட்டுரையை விலைக்கு வாங்கவே இரண்டாயிரம் மூவாயிரம் ஆகிவிடும். அந்த வகையில் பேரம் மோசமில்லை.

எங்கள் துறைக்கு இது என்ன செய்தது என்று சொல்கிறேன். புளோரைடை நீக்க எலும்புக்கரி, அலுமினா, தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி வகுத்த நல்கொண்டா முறை என்று பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு புளோரைடு ஒட்டுகிறது, எந்த அமிலத்தன்மையில் ஒட்டுகிறது என்பதெல்லாம் கட்டுரையின் உள்ளே அட்டவணையில்தான் இருக்கும். முன்பு மாணவர்களுக்குக் கிடைத்தது சுருக்கம் மட்டும். அதை வைத்தே முன்னாய்வு இயலை எழுதிச் சமாளித்தார்கள். மற்றவர்கள், கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை நாடினார்கள். அந்தத் தளத்தின் மீது மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவும் வந்துவிட்டது. இப்போது பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் என் மாணவி, வீட்டில் இரவு உட்கார்ந்து கைபேசியிலேயே முழுக் கட்டுரையையும் திறந்து, செய்முறைப் பகுதியில் சந்தேகம் என்று மறுநாள் காலையில் என்னிடம் வந்து வாதம் செய்கிறார். ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வளாகத்துக்குள் கல்லூரி இணையம் வழியாக நேரே திறக்கலாம். வெளியிலிருந்து படிக்க இன்ஃபெட் என்ற உள்நுழைவுக் கணக்கு வேண்டும். அதை உங்கள் கல்லூரியின் பொறுப்பு அலுவலர், பெரும்பாலும் நூலகர், உருவாக்கித் தருவார். பல அரசுக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்பதே தெரியாது. இதைப் படிக்கும் மாணவர்கள் தயவுசெய்து நாளைக்கே நூலகரிடம் போய்க் கேளுங்கள்.

அப்புறம், யாருக்குக் கிடைக்காது என்பது. தனியார் கல்லூரிகள் இந்த முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலானோர் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். என்னோடு முனைவர் பட்டம் முடித்த தோழி, பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறார். அவருக்கு இந்த 13,000 இதழ்களில் சந்தா இதழ் எதுவும் திறக்காது. குடிநீர் வாரியப் பொறியாளருக்கும், பாலக்கோட்டில் புளோரைடால் பழுப்புக் கறை படிந்த பற்களோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும் பல் மருத்துவருக்கும் அதே நிலைதான். அடுத்தடுத்த கட்டங்களில் தனியார் நிறுவனங்களும், பொது நூலகங்கள் வழியாக எல்லா மக்களும் சேர்க்கப்படுவார்கள் என்பது திட்டத்தின் எண்ணம். அது சீக்கிரம் நடக்க வேண்டும்.

என் பெரிய மனக்குறை வெளியீட்டுப் பக்கம்தான். எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் ஏற்கப்பட்டது. உடனே ஒரு படிவம் வந்தது: எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 3,000 டாலருக்கும் மேல், இல்லையென்றால் கட்டணம் ஏதுமில்லை, ஆனால் சந்தாதாரர்கள் மட்டுமே படிக்கலாம். அந்தத் தொகை என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். வேறு வழியில்லாமல் பூட்டுக்குள் விட்டோம். தண்ணீர் மாதிரி எடுக்கத் தங்கள் கிணற்றைத் திறந்துவிட்ட ஊர்க்காரர்களின் பிள்ளைகள் அந்தக் கட்டுரையைத் தேடினால், பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வரும். அரசு சம்பளம், அரசு ஆய்வகம், நம் மக்களின் தண்ணீர். அதைப் படிக்க மறுபடியும் அரசே சந்தா கட்டுகிறது. இந்தியாவில் புளோரைடு நோயை முதன்முதலில் பதிவு செய்தது 1937இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் வந்த நெல்லூர் மாவட்டக் கட்டுரை. அது இன்று பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் கட்டுரைத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. போன ஆண்டு நாங்கள் எழுதியது அப்படி இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் ‘டீல்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து பேசின. 2019 ஜனவரியில் வைலி பதிப்பகத்தோடு ஒப்பந்தமானது. படிக்கும் உரிமையும் வெளியிடும் உரிமையும் ஒரே தொகையில்: ஒரு கட்டுரைக்கு 2,750 யூரோ. ஜெர்மன் ஆய்வாளர் எழுதினால் அது உலகத்துக்கே திறந்திருக்கும். இன்னொரு பெரிய பதிப்பகமான எல்சேவியர் இறங்கி வராததால் பல நிறுவனங்கள் அதன் சந்தாவையே கைவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2023இல்தான் ஒப்பந்தமானது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் எல்சேவியரோடு பேச்சை முறித்துக்கொண்டு, 2021 மார்ச்சில் தான் கேட்ட மாதிரி ஒப்பந்தத்தோடு திரும்பியது. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் 1,000 டாலரை நூலகம் தருகிறது, மீதி ஆய்வு நிதியிலிருந்து வரும், நிதி இல்லாதவர்களுக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்கும். இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வு நிதி இல்லாத ஆசிரியரை நினைத்துப் போட்ட விதி அது.

நம் திட்டத்திலும் வெளியீட்டுக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, தேர்ந்தெடுத்த திறந்த அணுகல் இதழ்களுக்கு மட்டும். ஒரு கட்டுரைக்கு இரண்டரை லட்சம் என்று வைத்தால் 6,000 கட்டுரைகளுக்குத்தான் வரும். இந்தியா ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடுகிறது. அந்த 6,000இல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

அதற்காக ஜெர்மனியைப் போல எல்லாக் கட்டுரைக்கும் காசைக் கொட்டுங்கள் என்று கேட்கவில்லை. அந்த விலை நமக்குக் கட்டாது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலமும் அவருடைய சகாக்களும் 2017இல் கரண்ட் சயின்ஸ் இதழில், இந்திய ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிடப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. கரண்ட் சயின்ஸையே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், நம்மால் அப்படி நடத்த முடியும்.

செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. நடுவர்கள் திருத்தி ஏற்றுக்கொண்ட பிரதியை, பதிப்பகம் அழகுபடுத்தி அச்சுக்கு அனுப்பும் முன், கட்டுரையை எழுதியவரே, யாரும் படிக்கக்கூடிய ஓர் இணையக் களஞ்சியத்தில் போடுவது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளுக்கு இதை 2014இலேயே கொள்கையாக்கின. சிக்கல் என்னவென்றால், பல இதழ்கள் 12 முதல் 24 மாதம் வரை காத்திருக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2025 ஜூலை முதல் காத்திருப்பே கூடாது என்று விதி வகுத்துவிட்டது. ஒரு தனி ஆசிரியர் பதிப்பகத்திடம் இதைக் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். 2,000 கோடி வைத்திருக்கும் அரசு கேட்டால் மதித்தே ஆக வேண்டும்.

ஆகவே மதிப்பெண்: படிப்பதற்கு 5க்கு 4½, வெளியிடுவதற்கு 5க்கு 1½. 2028க்கான ஒப்பந்தத்தில் எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும்: இந்தியாவில் அரசு நிதியில் நடந்த ஆய்வின் ஏற்கப்பட்ட பிரதியை, வெளியான அன்றே, கட்டணமின்றிப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமை. அதுவரை எங்கள் துறையில் ஒவ்வொரு கட்டுரையையும் இதழுக்கு அனுப்பும் நாளிலேயே முன்பதிப்பாக, அதாவது நடுவர்கள் பார்ப்பதற்கு முந்தைய பிரதியாக, கெம்ஆர்க்சைவ் என்ற இலவச வேதியியல் தளத்தில் ஏற்றிவிடுகிறோம். அடுத்தது மொரப்பூர் கிணறுகள் பற்றியது.